சுத்த நீரும் அசுத்தக் கலனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறொன்றில்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலே தேங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு ஊற்று. தோட்டத்துக்கு இடும் உரமும் மலகூடக் குழிகளின் கசிவும் அவ்வெடிப்புகள் வழியே எளிதிற் கீழிறங்குகின்றன. இதனால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்துள்ளமை ஆய்வுகளிற் கண்டதாகும். பாற்குடிக் குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும். கொதிக்க வைப்பினும் நீங்காது. நீர் ஆவியாக ஆக மேலும் செறியும். ஆகவே, நீர் நிரப்பும் நிலையங்களை நாடி மக்கள் கானுடன் செல்வதில் வியப்பில்லை.

அங்கே நிகழ்வதென்ன? நீர் முதலில் மணல் வடியையும் கரி வடியையும் கடக்கும். பின்பு ஆர்.ஓ. என வழங்கும் பொறியில், மிகுந்த அமுக்கத்தோடு மெல்லிய சவ்வொன்றினூடு தள்ளப்படும். உப்புகளும் நைத்திரேற்றும் கிருமிகளும் பெரும்பாலும் பின்தங்கிவிடும். இறுதியில் ஊதாக்கடந்த ஒளி பாய்ச்சுவதுமுண்டு. இவையாவும் செவ்வனே நடப்பின் வெளிவரும் நீர் தூயதே. ஆயின், குளோரீன் அச்சவ்வைச் சிதைக்குமாதலால் கரி வடி அதனை முன்னரே அகற்றிவிடுகின்றது. ஒளியோ தன்முன் செல்லும் கிருமியைக் கொல்லுமேயன்றி நீரோடு கூடச் செல்லாது. குளோரீனிட்ட குழாய்நீரில் எஞ்சிநிற்கும் சிறுபங்கு, வழியிற் புகும் கிருமியையும் எதிர்க்கும். நிலையத்து நீருக்கு அக்காவல் இல்லை.

கேடு பெரும்பாலும் கானிலேதான் தொடங்குகின்றது. உட்சுவரில் விரல்படின் வழுவழுப்பது கிருமிகள் கூடிக் கட்டிய படலம். வெறும் நீரால் அலசினால் அது போகாது. தூரிகையாற் தேய்த்து, குளோரீன் கரைசலிட்டுக் கழுவுதல் வேண்டும். சுவரில் மாட்டிய அனுமதிப் பத்திரத்தைப் பார்ப்போர் பலர். நிலத்திற் கிடக்கும் குழாய் நுனியைப் பார்ப்போர் சிலரே! சிலர் காட்டும் கைமானி கரைந்த உப்பை மட்டுமே அளக்கும். 100 மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலை ஒன்றேனும் இருத்தலாகாது என்பதே விதி. அதனை ஆய்வுகூடமே கூறவல்லது. ஆதலின் கடைசிப் பரிசோதனை எந்நாளில் நடந்ததெனக் கேட்பதற்கு நாம் நாணவேண்டியதில்லை.

வீட்டிலே கானை நிழலில் மூடிவைத்து, இரண்டொரு நாளிற் தீர்த்துவிடுதல் நன்று. குழந்தைக்கு ஊட்டும் நீரையோ கொதிக்கவைத்தே கொடுக்கலாம். நைத்திரேற்றின் பெரும்பகுதி முன்னரே நீங்கியமையால் அது செறியுமென்று அஞ்சவேண்டியதில்லை.