பெயர்ந்தவர் பெற்ற பெயர்

ஊர் விட்டு ஊர் செல்பவர் தம் மொழியையும் வழிபாட்டையும் உடன் எடுத்துச் செல்கின்றனர். ஆனால், அவரை இன்னார் என்று குறிக்கும் பெயரோ பெரும்பாலும் சென்ற இடத்திலேயே அவருக்காகக் காத்திருக்கிறது. சொந்த ஊரில் இன்ன தெருவினர், இன்ன குலத்தினர் என்று அறியப்பட்டவர் தில்லி சென்றதும் 'மதராசி' ஆகிவிடுகிறார். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 'இந்தியத் தமிழர்' எனத் தனியே பதியப்பெற்றனர். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அப்பிரிவினருள் மிகப் பலர் நாடற்றவராயினர். பெயர் சிறிது, அதன் விளைவு பெரிது.

இவ்வுண்மைக்குப் பெங்களூர் மர்பி டவுன் நல்லதொரு சான்றாகும். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைவீடு அமைத்தனர். மக்கள் அதனைத் 'தண்டு' என்று வழங்கினர். படைவீரரும், ஏவலரும், கட்டட வேலையாளரும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து அங்கே குடியேறினர். அல்சூரை அடுத்த மர்பி டவுன் பின்னாளில் தொழிலாளர் குடியிருப்பாக எழுந்து, மர்பி என்னும் பொறியாளரின் பெயரைத் தாங்கியது.

அங்கு வாழும் குடும்பங்களுள் பல 'ஆதி திராவிடர்' என்னும் பெயருக்குரியவை. இப்பெயருக்கு இரு வரலாறு உண்டு. இழிவு தோன்ற வழங்கிய பழம் பெயர்களை நீக்கவேண்டுமென்று எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடினார். அதன் பயனாக 1922-இல் சென்னை அரசு இப்பெயரை ஏற்றது. அங்கே அது தன்மானத்தின் சின்னம். மைசூரிலோ தமிழ் பேசுவோர் ஆதி திராவிடர், கன்னடம் பேசுவோர் ஆதி கர்நாடகர், தெலுங்கு பேசுவோர் ஆதி ஆந்திரர் என்று கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. தன்மானத்தைக் காட்டிய சொல் இங்கே தாய்மொழியைக் காட்டும் சொல்லாயிற்று.

இதனால் நேர்ந்த சிக்கல் அண்மையில் வெளிப்பட்டது. பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டை உட்பிரிவுகளாகப் பகுக்கலாம் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனையொட்டி, கர்நாடகத்தில் நீதிபதி நாகமோகன்தாஸ் ஆணையம் 2025-இல் வீடுதோறும் கணக்கெடுத்தது. 'ஆதி திராவிடர் என்பது ஒரு தொகுதியின் பெயர். அதனுள் உம் சாதி யாது?' என்பது வினா. மூன்று தலைமுறையாக அப்பெயரன்றி வேறொன்றும் அறியாதவர் என்ன விடை கூறுவார்?

பிறிதொரு நுட்பமும் உண்டு. பட்டியல் சாதிகள் 1950-ஆம் ஆண்டு முதல் மாநிலவாரியாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. ஒரே தெருவில் இரு வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டினர் 1950-க்கு முன்பே பெங்களூரில் நிலைத்தவர். மற்றவர் சென்ற ஆண்டு வேலூரிலிருந்து வந்தவர். சாதி ஒன்றே, மொழி ஒன்றே. ஆயினும், கர்நாடக அரசுப் பணியில் ஒதுக்கீடு முன்னவருக்கு உண்டு, பின்னவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 1990-இலும் 2018-இலும் இந்நெறியை உறுதி செய்துள்ளது. எனினும், பின்னவர் தம் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கொண்டு மத்திய அரசுப் பணியில் உரிமை கோரலாம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மெக்சிகோவில் தம்மைக் கலப்பினர் என்று எண்ணியிருந்தோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'மெக்சிகர்' என்னும் தனி இனமாயினர். 1940-இல் வெள்ளையராகக் கொள்ளப்பட்டனர். 1980 முதல் 'இலத்தீன் வழியினரா?' என்பது இனத்தினின்றும் வேறான கேள்வியாயிற்று. அவர்களுட் பலர் எந்தக் கட்டமும் பொருந்தாமல் 'வேறு இனம்' என்றே குறித்தனர். 2024-இல் அந்நாட்டரசு இரு கேள்விகளையும் ஒன்றாக்க முடிவு செய்தது. மக்கள் மாறவில்லை, ஏட்டின் கட்டங்களே மாறின. ஆயினும், கட்டம் மாறியபோதெல்லாம் 'நாம் யார்?' என்று அம்மக்கள் தம்மையே மீண்டும் வினவிக்கொள்ள நேர்ந்தது.

2027-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அனைவரின் சாதியும் பதியப்படும் என மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் அதற்கு முன்னரே இல்லத்து முதியோரைக் கேட்டறிதல் நன்று: நம் குடும்பம் எவ்வூரினின்று, எவ்வாண்டில் வந்தது? பழைய பள்ளிச் சான்றிதழில் எப்பெயர் உள்ளது? தாய்மொழி தமிழ் என்றே எழுதப்பட்டுள்ளதா? பெயரைப் பிறர் தரலாம்; அதன் பொருளை அறிந்து ஏற்பதும் மறுப்பதும் நம் கடமையாகும்.