மூடிய சுரங்கமும் ஒளிரும் கற்களும்

துத்தநாகம் பித்தளை செய்வதற்கும், இரும்புத் தகடுகள் துருப்பிடிக்காதபடி முலாம் பூசுவதற்கும் பயன்படும் உலோகம் என்பதை யாவரும் அறிவர். ராஜஸ்தானத்தில் உதயபூருக்கு அருகிலுள்ள ஜாவர் என்னுமிடத்தில், ஐரோப்பியர் இதன் முறையை அறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, நம் நாட்டினர் தாதுவைக் காய்ச்சி வடித்து இவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தனர். ஜாவரில் கிடைப்பது துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த ஸ்பாலரைட் என்னும் தாது. உலகின் பிற துத்தநாகச் சுரங்கங்களிலும் பெரும்பாலும் இதுவே கிடைக்கிறது. இதற்கு விலக்காக அமைந்த ஓர் இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூ ஜெர்ஸி மாநிலத்தின் வடமேற்குப் பகுதியில் உள்ளது. அங்கே பிராங்க்ளின், ஆக்டன்ஸ்பர்க் என்னும் இரண்டு சிற்றூர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பிராங்க்ளினில் ஒரு சுரங்கமும், ஆக்டன்ஸ்பர்க்கில் ஸ்டெர்லிங் ஹில் என்ற மற்றொரு சுரங்கமும் இருந்தன. இரண்டிலும் இப்போது தாது வெட்டப்படுவதில்லை. ஆயினும் கனிப்பொருள்களைத் திரட்டுவோர் அவ்வூர்களுக்கு வருவது நின்றபாடில்லை.

அங்கிருந்த தாதுவில் கந்தகம் மிகச் சொற்பம். மூன்று கனிப்பொருள்களே அதன் பெரும்பகுதி. துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் ஆகிய மூன்றும் ஆக்ஸிஜனுடன் கூடிய கருநிறமான பிராங்க்ளினைட் ஒன்று. துத்தநாக ஸிலிகேட்டாகிய வில்லமைட் மற்றொன்று. செந்நிறமுள்ள துத்தநாக ஆக்ஸைடாகிய ஜிங்கைட் மூன்றாவது. ஜிங்கைட் 1810-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானிகளின் கவனத்துக்கு வந்தது. பிராங்க்ளினைட் 1819-இல் விவரிக்கப்பட்டது. பிராங்க்ளினைட்டும் ஜிங்கைட்டும் இவ்விரண்டு ஊர்களைத் தவிர வேறெங்கும் தாதுவாக வெட்டியெடுக்கும் அளவிற்குக் கிடைத்ததில்லை.

இத்தாது வெள்ளைச் சலவைக்கல்லின் நடுவே பொதிந்திருந்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் ஆழத்தில் அமிழ்ந்து, கடும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு, அப்பாறை முழுவதும் புதிதாகப் படிகமாயிற்று. பின்னர் வெவ்வேறு காலங்களில் வெடிப்புகளின் வழியே வெந்நீர்க் கரைசல்கள் ஊடுருவி, இருந்த பொருள்களைக் கரைத்தும் கலந்தும் புதியனவற்றை உண்டாக்கின. இவற்றின் பயனாக ஏற்பட்ட வகைகளின் எண்ணிக்கை வியப்பூட்டுவது. இதுவரை 350-க்கும் மேற்பட்ட கனிப்பொருள்கள் இவ்விரு சுரங்கங்களிலிருந்து அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றுள் சில உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை.

சுரங்கக் கம்பெனிக்கு இவற்றுள் மூன்றே தேவைப்பட்டன. தாதுவை நொறுக்கி, 1896-இல் வெளிவந்த காந்தப் பிரிப்பானின் உதவியால் பிராங்க்ளினைட்டைத் தனியே இழுத்து, எஞ்சியதிலிருந்து வில்லமைட்டையும் ஜிங்கைட்டையும் பிரித்தனர். மற்றவை கழிவுக் குவியலுக்குப் போயின, அல்லது நொறுக்கும் எந்திரத்தில் மாவாயின. நல்ல வேளையாகத் தொழிலாளர்களுள் சிலருக்குக் கூரிய கண்கள் இருந்தன. நிறமோ வடிவமோ வேறுபட்ட கல்லொன்று தென்பட்டால், அதைச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டிற்குச் சென்றனர். அவர்களிடமிருந்து ஆசிரியர்களும், வைத்தியர்களும், கம்பெனியின் இரசாயன நிபுணர்களும் அக்கற்களை வாங்கித் திரட்டினர். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் பலாஷ் 1935-இல் இக்கனிப்பொருள்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒரு பெரும்பகுதி இவ்வாறு சாப்பாட்டுப் பெட்டியில் வெளியேறிய கற்களே எனலாம்.

1954-இல் பிராங்க்ளின் சுரங்கத்தின் தாது தீர்ந்து, அது மூடப்பட்டது. நீர் இறைக்கும் பொறிகள் நின்றதும் சுரங்கத்தில் நீர் நிறைந்தது. ஆயிரம் அடிகளுக்கும் மேற்பட்ட ஆழத்தில், எந்த மட்டத்தில் எந்தக் கல் இருந்தது என்பதை இனி எவரும் நேரில் சென்று பார்க்க இயலாது. வெளியே வந்தது எதுவோ அதுவே இனிச் சான்று. இந்நிலையில்தான் 1959-இல் பிராங்க்ளின்-ஆக்டன்ஸ்பர்க் கனிமவியல் சங்கம் தோன்றியது. கல் சேர்க்கும் ஆசையுடைய உள்ளூர்க்காரர்களும், அண்டை நகரங்களைச் சேர்ந்தவர்களும், தொழில்முறை நிபுணர்கள் சிலரும் அதன் உறுப்பினராயினர். மறு ஆண்டிலிருந்து அது ஒரு பத்திரிகையும் வெளியிட்டு வருகிறது. ஆலையில் கற்களைக் கையால் பொறுக்கிப் பிரித்த மேசையின் பெயரையே, அதாவது ‘பொறுக்கும் மேசை’ என்பதையே, பத்திரிகைக்கும் சூட்டினார்கள். 1965-இல் பிராங்க்ளினில், பக்வீட் என்ற பழைய திறந்தவெளிச் சுரங்கத்தின் கழிவுக் குவியலை ஒட்டி, ஒரு கனிப்பொருள் காட்சிசாலையும் திறக்கப்பட்டது.

சங்கத்தின் வேலைகளுள் புதியவர்களைக் கவர்வது களப் பயணம். குறித்த நாளில் உறுப்பினர்கள் சுத்தியல், உளி, கெட்டியான தொப்பி, கண்ணாடி முதலியவற்றுடன் பழைய குவியல்களுக்கோ, இயங்கிவரும் சுண்ணாம்புக் கற்சுரங்கங்களுக்கோ செல்கின்றனர். கற்சுரங்கத்தினுள் செல்ல உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஓர் உறுப்பினரின் கவனக்குறைவால் அந்த அனுமதி எல்லாருக்கும் பறிபோகக்கூடும். ஆகவே தலைக்கவசம் அணியாதவரைத் திருப்பியனுப்புவதில் இத்தகைய சங்கங்கள் தயவு காட்டுவதில்லை. பக்வீட் குவியலில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் கல் தேடலாம். எடுத்துச் செல்லும் கல்லின் எடைக்குத் தக்கவாறு பணம் கொடுக்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாகக் கிளறப்பட்டும் அக்குவியல் வெறுமையாகிவிடவில்லை. ஒவ்வொரு மழையும் அழுக்கைக் கழுவிப் புதிய பரப்பைக் காட்டுகிறது.

ஆனால் பகலில் அங்கே செல்பவர் ஏமாற்றமடைவது இயல்பு. கண்ணிற்படுவன மங்கிய சாம்பல் நிறக் கற்களும் கறுப்புப் புள்ளிகளுமே. இருளில், புற ஊதாக் கதிர் விளக்குடன் செல்லும்போதுதான் அந்த இடத்தின் பெருமை விளங்கும். விளக்கின் கதிர் பட்ட மாத்திரத்தில் வில்லமைட் இளம் பச்சையாகவும், அதைச் சூழ்ந்த கால்ஸைட் தணல் போன்ற செந்நிறமாகவும் ஒளிவிடுகின்றன. அரிய சில துண்டுகளில் ஹார்டிஸ்டனைட்டின் ஊதா நீலமும் எஸ்பெரைட்டின் மஞ்சளும் சேர்ந்து ஒரே கல்லில் நான்கு நிறங்கள் தோன்றும். இவ்விரு சுரங்கங்களின் கனிப்பொருள்களுள் ஏறத்தாழ 90 இவ்வாறு ஒளிர்பவை. ஆலையிலேயே இதன் பயனை அறிந்திருந்தனர். கழிவின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், அதில் வீணாகிப் போகும் வில்லமைட்டைப் பச்சை ஒளி காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த ஒளியின் காரணம் கற்களில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள மாங்கனீஸ். புற ஊதாக் கதிர் கண்ணுக்குப் புலப்படாத ஒளி. இக்கற்களுக்கு ஏற்ற குறுகிய கதிரின் அலை நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 4,000-இல் ஒரு பங்கு. அக்கதிரின் ஆற்றலைக் கல் உட்கொள்ள, மாங்கனீஸ் அணுவின் எலெக்ட்ரான்கள் உயர்ந்த நிலைக்கு ஏறுகின்றன. அவை பழைய நிலைக்குத் திரும்புகையில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்து, மிகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவருகிறது. எந்த நிறம் வரும் என்பது அம்மாங்கனீஸைச் சுற்றி நிற்கும் பிற அணுக்களின் அமைப்பைப் பொறுத்தது. துத்தநாக ஸிலிகேட்டில் அமர்ந்தால் பச்சை; கால்ஸைட்டில் அமர்ந்தால் சிவப்பு. கால்ஸைட்டில் மற்றொரு விந்தையும் உண்டு. அங்கே குறுகிய கதிரை மாங்கனீஸ் தானாகச் சரிவர ஏற்பதில்லை. உடனிருக்கும் சிறிதளவு ஈயம் அதை ஏற்று மாங்கனீஸிடம் ஒப்படைக்கிறது. மாங்கனீஸ் கலக்காத வில்லமைட் இவ்வாறு பச்சையாக ஒளிர்வதில்லை என்பதும் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. ஆய்வுக்கூடங்களில் மின் அலைகளை வரைந்து காட்டிய பழைய கருவிகளின் திரையில் ஓடிய பச்சைக் கோடு, மாங்கனீஸ் சேர்த்துச் செயற்கையாகச் செய்த இதே துத்தநாக ஸிலிகேட்டின் ஒளியே.

விளக்கைப் பற்றிச் சங்கங்கள் புதியவர்களுக்கு முதலிலேயே ஓர் எச்சரிக்கை செய்கின்றன. குறுகிய புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் புண்படுத்தும். அந்த விளக்கை எவர் முகத்தின் பக்கமும் திருப்பலாகாது. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். ஆகையால் கண்ணுக்கு மூக்குக் கண்ணாடியே ஓரளவு காப்பு. இதே காரணத்தினால்தான் விளக்கின் குழாயைச் சாதாரணக் கண்ணாடியால் செய்ய முடியாமல், படிகக்கல்லை உருக்கிச் செய்கின்றனர்.

வீட்டிற்குக் கொண்டுவந்த பின்னர் நடப்பது அவ்வளவு கவர்ச்சியானதன்று; ஆயினும் விஞ்ஞானத்திற்கு உதவுவது அதுவே. கல்லைக் கழுவி உலர்த்தி, மூலையில் சிறு வெள்ளைப் பூச்சிட்டு, அதன்மேல் கறுப்பு மையால் ஓர் எண் எழுதுகின்றனர். அதே எண்ணைப் பதிவேட்டில் குறித்து, பெயர், கிடைத்த இடம், நாள், எவரிடமிருந்து வந்தது என்ற விவரங்களைச் சேர்க்கின்றனர். சுரங்கத்திலிருந்து வந்த கல்லாயின் எந்த மட்டம், எந்தத் தூண், எந்தச் சுவர் என்பதும் வேண்டும். பெயர் தவறாக இருந்தால் பிற்காலத்தில் ஒருவர் சோதித்துத் திருத்திவிடலாம். இடம் தவறினால் திருத்த வழியில்லை. தவறான இடக்குறிப்பு குறிப்பே இல்லாததைவிடக் கேடு. ஊரின் பெயருக்கும் சந்தையில் விலை இருப்பதால், பேராசையுள்ள விற்பனையாளன் ஒருவன் ஒரு சீட்டை மாற்றி எழுதினாலே போதும், அக்கல் என்றென்றைக்கும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஸ்டெர்லிங் ஹில் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டபோது இதன் அருமை மீண்டும் தெரிந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அங்கே வேலை செய்த சுரங்கத் தொழிலாளர் ஒருவர், தாம் கண்ட வேறுபட்ட கற்களை எடுத்த இடத்துடன் நினைவில் வைத்துப் பாதுகாத்து, திரட்டுவோரிடமும் ஆராய்ச்சியாளரிடமும் ஒப்படைத்து வந்தார். அவ்வாறு வந்த ஒரு கல்லில், அதுவரை அறியப்படாத மாங்கனீஸ் துத்தநாக ஆர்ஸனேட் வகையொன்று இருந்தது. 1979-இல் அதை விவரித்த விஞ்ஞானிகள் தொழிலாளரின் பெயரையொட்டிக் கோலிஸைட் என்று பெயரிட்டனர். கனிப்பொருள்களுக்கு அரசர்களின் பெயரும் பேராசிரியர்களின் பெயரும் வைப்பது வழக்கம்; வில்லமைட் கூட ஒரு நெதர்லாந்து அரசரின் பெயரால் அமைந்ததுதான். பூமிக்கடியில் கூலிக்கு உழைத்த ஒருவரின் பெயர் அவற்றின் வரிசையில் இடம் பெற்றது அபூர்வம். அவருக்குப் பட்டமோ ஆய்வுக்கூடமோ இல்லை. எடுத்த இடத்தை மறக்காமல் சொன்னதே அவர் செய்த உதவி.

மூடப்பட்ட ஸ்டெர்லிங் ஹில் சுரங்கமும், இறைப்பு நின்றபின் கீழ் மட்டங்களில் நீர் நிறைந்து போயிற்று. 1989-இல் அந்த நிலம் ஏலத்திற்கு வந்தபோது, கனிப்பொருள் திரட்டும் பழக்கமுள்ள குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் அதை வாங்கி, மறு ஆண்டில் காட்சிசாலையாகத் திறந்தனர். மேல் மட்டக் குகைகளில் பார்வையாளர்களை நடத்திச் சென்று, ஓரிடத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகின்றனர். தாது பொதிந்த சுவர் முழுவதும் பச்சையும் சிவப்புமாக ஒளிர்கிறது.

ஸ்மித்ஸோனியன் நிலையத்தைச் சேர்ந்த பீட் டன் என்பவர் 1995-இல் இவ்விரு சுரங்கங்களின் கனிப்பொருள்களைப் பற்றி மிக விரிவான ஆராய்ச்சித் தொகுதியொன்றை வெளியிட்டார். தனியார் சேகரிப்புகளிலிருந்த கற்களும் அதற்குப் பெரிதும் உதவின. அத்தகைய சேகரிப்புகள் இன்றும் வீடுகளில் உள்ளன. அவற்றைத் திரட்டியவர்கள் முதுமையடைந்து மறைய, பெட்டிகள் வாரிசுகளின் கைக்கு வருகின்றன. கல் ஒருபுறமும் சீட்டு ஒருபுறமுமாகப் பிரிந்துவிடும் ஆபத்து அப்போதுதான் மிகுதி. ஆதலால் சீட்டுகளை எறிந்துவிட வேண்டாம் என்றும், பழைய சீட்டின் மேல் புதியதை ஒட்டாமல் இரண்டையும் சேர்த்து வைக்குமாறும், கல்லைக் கழுவும் அவசரத்தில் மூலையிலுள்ள எண்ணைத் தேய்த்துவிடக் கூடாதென்றும் அனுபவமுள்ள திரட்டுவோர் ஓயாது சொல்லி வருகின்றனர்.