ஆளுக்கேற்ற பிடங்கு

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர், 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். 1,400க்கு மேற்பட்ட யானைகளை அவர் சுட்டு வீழ்த்தினார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கை இன்று எவரும் மெச்சமாட்டார்கள். ஆயினும் அக்காலத்து வேட்டைக்காரர் ஏந்திய துப்பாக்கி எத்தகையது என்று கேட்டறிவதில் ஒரு பயன் உண்டு.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், இலங்கை வேட்டையைப் பற்றி 1854இல் நூல் வெளியிட்டவர். அவரிடமிருந்த பெரிய றைபிள் ஒன்றின் நிறை 21 இறாத்தல்! அத்தனை கனம் எதற்கு? குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கின்றது. கனமான துப்பாக்கி அவ்வுதையைத் தானே பெரிதும் தாங்கிக்கொள்ளும். அதே தோட்டாவைப் பாதி நிறையுள்ள துப்பாக்கியில் இட்டுச் சுட்டால், பின்னே வரும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். ஏழெட்டு இறாத்தல் நிறையே உள்ள இக்காலத்து றைபிளை மலைச்சரிவில் சுமந்து செல்வது எளிது. ஆனால் அது மிச்சம் வைக்கும் உதையைச் சுடுபவரின் தோளே ஏற்கவேண்டும்.

ஆகவே இலேசான துப்பாக்கிக்குத்தான் பிடங்கின் அளவு மிக முக்கியமாகின்றது. பிடங்கு என்பது தோளில் ஊன்றும் மரப்பகுதி. மடிக்கவோ நீட்டவோ இயலாத நிலையான பிடங்கு ஒரே அளவில் செய்யப்பட்டு வரும். மனிதரோ ஒரே அளவில் பிறப்பதில்லை. இதனை உணர்ந்தே பிரித்தானியப் படையினர், தமது லீ என்பீல்டு றைபிளுக்கு நடுத்தரப் பிடங்கோடு, அரை அங்குலம் நீண்டதும் அரை அங்குலம் குறுகியதுமான பிடங்குகளையும் செய்து வைத்திருந்தனர். அரை அங்குலம் அற்பமென்று தோன்றலாம். படைவீரர் பல்லாயிரவரின் தோள்கள் கற்பித்த பாடம் அது.

பொருத்தம் பார்க்கும் முறை கடினமன்று. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். கண்களை மூடியபடி அதனைத் தோளில் வைத்து, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பின் கண்களைத் திறவுங்கள். குறிமுனை பார்வைக்கு நேரே நின்றால் உயரம் சரி. தலையைத் தூக்கித் தேட நேர்ந்தால் கன்னம் படியும் இடம் தாழ்ந்திருக்கின்றது. மெல்லிய கம்பளித் துண்டை வைத்துத் தோலுறையால் இறுகக் கட்டினால் அக்குறை தீரும். மரத்தைத் தொடவே வேண்டியதில்லை.

அடுத்தது நீளம். விசையிலிருந்து பிடங்கின் முனை வரையுள்ள தூரம் பொதுவாக 13 முதல் 14 அங்குலம். பிடங்கு நீண்டிருந்தால் அது அக்குளில் சிக்கும். குறுகியிருந்தால், சுடும்போது கட்டைவிரல் மூக்கில் மோதும். அப்புத்தளைப் பனியில் கம்பளிச் சட்டை அணிபவர், அதனை அணிந்தே அளந்து பார்க்க வேண்டும். துணியின் தடிப்பும் நீளத்திற் சேரும். நீளம் போதாவிடில் முனைத் தகட்டின் அடியில் மெல்லிய பலகை வைத்து நீட்டலாம். மிகுந்தால் அறுக்க வேண்டியதுதான். ஆனால் அறுத்த மரம் மறுபடி வளராது! இறப்பர்த் திண்டு பொருத்தும் எண்ணமிருந்தால் அதன் தடிப்பையும் முன்கூட்டியே கணக்கிட்டு, சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். அறுத்த முகத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசாவிட்டால் மழை ஈரம் மரத்தினுள் ஏறும். இலேசாக்கும் ஆசையில் கைபிடிக்கும் ஒடுங்கிய இடத்தைச் செதுக்குவது ஆபத்து. உதை தாளாமல் மரம் பிளப்பது அங்கேதான். இவ்வேலைகளை உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம் ஒப்படைப்பதே முறை.

பொருந்தாத பிடங்கால் என்ன கேடு? ஓரிரு முறை உதைபட்டவர், அடுத்தமுறை விசையை இழுக்குமுன்னே கண்ணை மூடித் தோளை ஒடுக்கிக்கொள்வார். குறி தவறும். மரக்கறித் தோட்டத்தை உழ வந்த காட்டுப்பன்றி காயத்தோடு புதருக்குள் ஓடி மறையும். மறுநாட் காலையில் அவ்வழியே மலைக்கு ஏறும் தொழிலாளிக்கு அது எமனாகலாம்.

இனி, நேயர்களில் துப்பாக்கி ஏந்தாத பெரும்பாலோருக்கு ஒரு வார்த்தை. 1900இல் தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட தோட்டத்துரைமார் றைபிள் படையைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். துரைமார் தம் தோளுக்கேற்ற துப்பாக்கியைத் தேடினர். வசதியுள்ளோர் அளவு கொடுத்தே செய்வித்தனர். அதே மலையில் கவ்வாத்து வெட்டியவருக்கும் மண் கொத்தியவருக்கும் அளவு பார்த்தவர் யார்? மண்வெட்டியின் காம்பு குட்டையாயின் நெடியவர் நாள் முழுதும் முதுகை வளைத்தே நிற்கவேண்டும். கவ்வாத்துக் கத்தியின் பிடி கைக்குப் பருத்தால் விரைவில் விரல்கள் மரத்துப்போகும். கொழுந்துக் கூடையின் கயிறு நீண்டால் பாரம் கீழிறங்கித் தலையைப் பின்னுக்கு இழுக்கும்.

துப்பாக்கி உதைப்பது ஒரு கணம்; பொருந்தாத கருவியோ ஒவ்வொரு வெட்டிலும் உதைக்கின்றது. அதன் ஓசை எவர் செவிக்கும் எட்டுவதில்லை; ஆண்டுகள் பல சென்றபின் முதுகும் மணிக்கட்டும் அதனைச் சொல்லும். தோளுக்குப் பிடங்கு பார்க்கும் அதே அறிவை இங்கும் செலுத்தலாம். கருவி வழங்கும் நாளில் காம்புகளை இரண்டு மூன்று நீளங்களில் அடுக்கிவைத்து, ஒவ்வொருவரும் கையிலெடுத்து, வேலை செய்யும் நிலையில் நின்று பார்த்துத் தெரிந்தெடுக்க விட்டாற் போதும். அதற்கு ஆகும் செலவு சில மரத்துண்டுகள்; மிச்சமாவது மனித உடல்.