சினை ஊசியிலேயே கிடேரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாடு கன்று ஈன்றவுடன் "கிடேரியா, காளையா?" என்று கேட்கிறார்களே, அந்த வினாவின் விடை சினை ஊசி போட்ட தினத்திலேயே பத்துக்கு ஒன்பது பங்கு நிச்சயமாகிவிடக் கூடுமென்றால் நம்புவீர்களா?

கிடேரியைத் தரும் எக்ஸ் விந்தணுவும் காளையைத் தரும் ஒய் விந்தணுவும் கண்ணுக்குப் பேதமற்றவை. ஆயினும் முன்னதில் டிஎன்ஏ சுமார் 3.8 சதவீதம் மிகுதி. எட்டு முழ வேட்டியொன்று ஏழு விரற்கடை நீண்டிருந்தாற்போலத்தான்! இரண்டையும் நீலத்தில் முக்கினால், நீண்டது சற்று அதிகம் நீலம் குடிக்குமல்லவா?

அந்த யுக்தியையே அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் லாரன்ஸ் ஜான்சன் முதலியோர் கைக்கொண்டு, டிஎன்ஏயைப் பற்றும் சாயத்தில் விந்தணுக்களைத் தோய்த்து, நீர்த்தாரையில் புற ஊதா லேசரின் முன் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, சாயம் ஒளிரும் அளவைக்கொண்டு பிரித்து, 1989இல் முயல்களில் வெற்றி கண்டனர்.

இங்கே ஒரு சங்கடம். விந்தணுவின் தலை துடுப்பைப்போல் தட்டையானது. விளிம்பு காட்டி வந்தால் பிரகாசம் பொய் சொல்லும். ஆகையால் ஒளிமானியை நோக்கி அது முகத்தைத் திருப்பும்படி, நீர்த்தாரை வெளிவரும் மூக்கின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. முழு வித்தையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே.

பிறகு தாரை துளிகளாகச் சிதறுகையில், அதிகம் ஒளிர்ந்த விந்தணுவைச் சுமந்த துளிக்கு ஒருவகை மின்னூட்டமும் மற்றதற்கு எதிர்வகையும் ஏற்றினால், இரு மின்தகடுகளின் நடுவே அவை வலமும் இடமுமாக விலகித் தனித்தனிக் குழாய்களில் விழுகின்றன.

சாயமும் லேசரும் அழுத்தமும் தாங்கிய விந்தணுக்கள் சற்றே களைத்துவிடுவதாலும், ஓர் உறைவிந்துக் குச்சியில் அடைக்கும் எண்ணிக்கை குறைவாதலாலும், சினை பிடிக்கும் விகிதம் சாதாரண ஊசியைவிடத் தாழ்வே. ஆகவேதான் பிரித்த விந்தை முதலில், எளிதில் சினை பிடிக்கும் இளங்கிடேரிகளுக்கே போடச் சொல்கிறார்கள்.