இருட்டில் விரல் தேடும் எண்

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரில் காத்திவாக்கத்தை அடுத்த பெரியகுப்பத்தின் கரையோரம், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்த ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அப்படி ஓடுகிறவர் கண்ணைத் திறந்து போனைப் பார்க்கவா முடியும்? அவசர எண் என்பது விரலே தடவிக் கண்டுபிடிக்கிற எண்ணாக இருக்க வேண்டும். இந்தக் கவலைக்கு வயது எண்பதுக்கு மேல்.

1935 நவம்பரில் லண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயைப் பார்த்துப் போன் செய்த அக்கம்பக்கத்தவர் ஒருவர் எக்ஸ்சேஞ்சின் பதிலுக்காகக் காத்துக்கிடக்க நேர்ந்தது. அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தால் விசாரணை நடந்து, 1937இல் 999 வந்தது.

ஏன் 111 இல்லை? டயல் போனில் 1ஐச் சுற்றினால் கம்பியில் மின்சாரம் ஒரு தடவை அறுந்து சேரும். 9க்கு ஒன்பது தடவை. காற்றில் கம்பிகள் உரசினாலே ஒற்றைத் துடிப்புகள் கிளம்பி, யாரும் தொடாமலே 111 போய்விடும். கடற்காற்றில் கம்பி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 9க்கு இன்னொரு வசதியும் உண்டு. டயலில் விரலைத் தடுக்கும் கொக்கியைத் தடவினால் பக்கத்தில் இருப்பது 0, அதற்கு முந்தைய ஓட்டை 9. புகை மண்டிய அறையிலும் தப்பாது.

நம் நாட்டில் போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. கடலில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படைக்கு 1554. பதறுகிற மனசு எத்தனை எண்களைத்தான் ஞாபகம் வைக்கும்? அதனால்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து 112. தமிழ்நாட்டுக்கு 2019இல் வந்தது. செல்போனுக்கான உலகத் தர விதிகளிலேயே இந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. நம் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும், கிடைக்கிற வேறெந்த டவர் வழியாகவும் அழைப்பு போகப் பார்க்கும். பூட்டிய போனைத் திறக்கவும் வேண்டாம். எனக்கு இதில் பெரிய ஆறுதல்.

போன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த சிக்கல். வீட்டு போன் என்றால் எக்ஸ்சேஞ்சில் விலாசம் இருக்கும். செல்போனோ எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் சொல்லும். ஒரே டவருக்குக் கீழே எத்தனை சந்துகள்! அதற்காகத்தான் 2018 முதல் புது போன்களில் செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் வசதி கட்டாயம் என்று அரசு சொன்னது.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே அவசரப் பொத்தான் விதி வந்துவிட்டது. 112ஐ அழைக்க, ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று தடவை அழுத்த வேண்டும். பட்டன் போனில் 5ஐயோ 9ஐயோ அழுத்திப் பிடித்தால் போதும். மறுபடியும் அதே 9! 5இன் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். கண்ணை மூடித் தடவினாலும் விரலில் தட்டுப்படும்.