கெண்டைச்சதைக்கும் ஒரு ஸ்கேன்

செஞ்சியில் ‘ஸ்கேன்’ என்றால் முதலில் கர்ப்பிணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் கால் தசையையும் அதே கருவியால் பார்க்கலாம்.

இந்தப் பாதிப்பில் மூளைக்காயம் பெரிதாவதில்லை. ஆனால் குழந்தை வளர வளரத் தசை மாறுகிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை. கெண்டைச்சதை சிறுத்து இறுகினால், குதிகால் தரையில் படாமல் குழந்தை நுனிக்காலில் நடக்கும். காலை மடக்கிப் பார்த்தால் இறுக்கம் புரியும். உள்ளே தசை எப்படி இருக்கிறது என்பது புரியாது.

அல்ட்ராசவுண்ட் அதைக் காட்டுகிறது. தசையின் தடிமன், நார்க்கற்றைகளின் நீளம், சாய்வு எல்லாவற்றையும் அளக்கலாம். நல்ல தசை திரையில் கருமையாகத் தெரியும். கொழுப்பும் நார்த்திசுவும் கூடினால் வெளுக்கும். இந்த வெளுப்பைத் தரம்பிரிக்க, தசைநோய்க் குழந்தைகளுக்காக ஹெக்மட், டுபோவிட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1982-இல் வகுத்த நான்கு படிநிலைகள் இங்கும் பயன்படுகின்றன.

கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து வேண்டாம், அம்மாவின் மடியிலேயே பார்த்துவிடலாம். செஞ்சிக் குடும்பங்கள் நாடும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இது வழக்கமான பரிசோதனையாக வேண்டும்.

இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியைச் சரியான தசையில் இறக்கவும் இப்படம் வழிகாட்டும். அளப்பவருக்குப் பழக்கம் அவசியம்: கருவியைச் சற்று அழுத்தினாலே தசை நசுங்கி, தடிமன் குறைவாகக் காட்டும்.