பெட்டிக்குள் என்ன? - 14
மூடியும் மூடாத கதவு

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் அன்று மாலையே திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நெரியத் தொடங்கியிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். லேசர் பிரிண்டரில் ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது, தாள் நகரவில்லை.

"போர்டு போயிடுச்சாம் சார். மாத்தினா நாலாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க."

பிரிண்டர் படுத்துவிட்டால் பழி முழுக்க அந்த ஒரு சொல்லின் தலையில்தான் விழும். உள்ளே இருப்பதோ ஒரு போர்டு அல்ல. கடைக்காரர் கூப்பிட்டிருந்த மெக்கானிக் பையன் பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது நானும் எட்டிப் பார்த்தேன்.

பிளக்கைப் பிடுங்கியதும் அவன் செய்த முதல் வேலை, பையிலிருந்து பழைய குண்டு பல்பு ஒன்றை எடுத்து, அதன் ஒயர் இரண்டையும் ஒரு தடித்த கண்டன்சரின் கால்களில் வைத்தது. மினுக்கென்று எரிந்து அணைந்தது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி., ரெக்டிபையர் வழியாக நேர்மின்சாரமாகி ஏறத்தாழ 325 வோல்ட்டாக அங்கேதான் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அதற்கு முன்னால் பியூஸ். பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை, வேரிஸ்டர். லைனில் திடீரென்று வோல்டேஜ் எகிறினால் அது தன்னைப் பலிகொடுத்து பியூஸை எரியவைக்கும்.

தேங்கிய மின்சாரத்தை ஒரு மாஸ்ஃபெட் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, தீப்பெட்டி அளவு டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கிறது. அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்பார்மர் இத்தனை சிறியது. வால்வு ரேடியோ டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். மறுபக்கம் இரண்டு மின்சாரம் வருகிறது. 3.3 வோல்ட், யோசிக்கிற சிப்புகளுக்கு. 24 வோல்ட், மோட்டார், தாள் இழுக்கும் சோலனாய்டு என்று உழைக்கிறவற்றுக்கு.

இதே 24 வோல்ட்டிலிருந்து இன்னொரு சுற்று நூற்றுக்கணக்கான வோல்ட்டை உண்டாக்கி டிரம்முக்கு அனுப்புகிறது. லேசர் படும் இடத்தில் மட்டும் மின்னேற்றம் வடிய, டோனர் தூள் அங்கே போய் ஒட்டுகிறது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் நகலை எடுத்தபோது இதெல்லாம் கிடையாது. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார்கள். தூளை மெழுகுத்தாளுக்கு மாற்றிச் சூடுகாட்டிப் பதியவைத்தார்கள். அந்த வித்தைக்குப் பின்னாளில் வந்த பெயர்தான் இன்று நம் ஊர்க் கடைப் பலகைகளில் 'ஜெராக்ஸ்' என்று தொங்குகிறது.

அந்தச் சூடுகாட்டும் வேலை இப்போது பியூசருடையது. பிரிண்டருக்குள் நெருப்புக்குச் சொந்தக்காரன் அதுதான். அக்னித் தலத்தில் உட்கார்ந்து அதை அலட்சியம் செய்வானேன்? அதன் ஹீட்டருக்கு 24 வோல்ட் போதாது. 230 வோல்ட்டே, டிரையாக் என்ற வாயிற்காவலனைத் தாண்டி நேராகப் போகிறது. ஏறத்தாழ 200 டிகிரி வரை சூடு. ஹீட்டரோடு ஒட்டியிருக்கும் தெர்மிஸ்டரின் மின்தடை சூடேற ஏறக் குறையும். அதைப் பார்த்துக் கண்ட்ரோல் போர்டு டிரையாக்கைத் திறந்து மூடும். காவலனே பழுதாகித் திறந்தபடி நின்றுவிட்டால், கடைசியாக ஒரு தெர்மல் பியூஸ் தானாக அறுந்துகொள்ளும். பிரிண்ட் கொடுக்கும்போது கடை டியூப்லைட் லேசாகக் கண் சிமிட்டுவது ஹீட்டர் பல நூறு வாட்டை ஒரே மடக்காகக் குடிப்பதால்தான். இந்தக் கடைக்காரரோ பிரிண்டரையும் கம்ப்யூட்டரோடு சேர்த்து ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸில் மாட்டியிருந்தார். அந்த யூ.பி.எஸ். அடிக்கடி 'கீ' என்று கத்துவதைப் பேட்டரிக் கோளாறு என்றே நினைத்திருந்தாராம்.

பையன் மறுபடி பிளக்கை மாட்டி மீட்டர் முனையை வைத்தான்.

"மூணு வோல்ட் வருதுண்ணா. அதான் லைட்டு எரியுது. இருபத்துநாலு இந்தக் கால்ல இருக்கு, அந்தக் கால்ல இல்ல."

இரண்டு கால்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு மைக்ரோ சுவிட்ச். முன்கதவைத் திறந்தால் 24 வோல்ட்டை அறுத்து, ஓடும் ரோலரில் விரல் சிக்காமல் காப்பது. கதவின் உள்பக்கத்தில் அதை அழுத்த ஒரு பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அதன் நுனி ஒரு நெல் நீளத்துக்கு ஒடிந்திருந்தது. கதவு மூடியிருந்தும், பிரிண்டரைப் பொறுத்தவரை திறந்தே கிடந்தது.

"சுவிட்சை ஷார்ட் பண்ணிடேன் தம்பி, கூட்டம் வருது."

"வேணாண்ணா. நாளைக்கு உங்க பையன் கதவைத் திறந்து கைய விடுவான்."

அதற்காகவே அவனுக்கு இன்னொரு டீ சொல்லலாம். உடைந்த பழைய மூடி ஒன்றிலிருந்து சிறு துண்டு நறுக்கி, நாக்கில் ஒட்டி, காயக் கால்மணி நேரம் காத்திருந்தான். கதவைச் சாத்தியதும் 'டிக்' என்றது, மோட்டார் முனகியது. முதல் தாள் சூடாக வெளியே வந்தது, யாரோ ஒருவரின் ஆதார் நகல்.

கடைக்காரர் குனிந்து பிரிண்டர் பிளக்கை யூ.பி.எஸ்.ஸிலிருந்து பிடுங்கிச் சுவரில் மாட்டினார்.

(தொடரும்)